கொழும்புப் புத்தகக் கடைகளும் என் பழங்கடனும்

பசறையிலிருந்து ஒரு மாணவி கடிதம் எழுதியிருக்கிறாள். உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு தன் தமையனுடன் கொழும்புக்குச் செல்லவிருக்கிறாளாம். தங்கப் போவது ஒரே ஒரு பகல். சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் கொஞ்சம் கையில் இருக்கிறது. "அந்த ஒரு பகலில் எந்தெந்தப் புத்தகக் கடைகளுக்குப் போகலாம், ஐயா? எங்களைப் போன்றவர்கள் உள்ளே போனால் ஏதும் சொல்வார்களா?" என்று கேட்டிருக்கிறாள்.

முதற் கேள்விக்கு விடை எழுதுவது எளிது. இரண்டாவது கேள்விதான் இரண்டு நாள் என் பேனாவைத் தடுத்து நிறுத்திவிட்டது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயம் ஒன்றிலிருந்து புறப்பட்ட ஓர் இளைஞனும் இதே கேள்வியை நெஞ்சில் சுமந்துகொண்டுதான் ரயிலேறினான். அவன் வேறு யாருமல்லன்; நான்தான். ஆகவே இவ்வாரப் பகுதியை அம் மாணவிக்கும் அவளையொத்த பிள்ளைகளுக்கும் எழுதும் விடையாகவே வைத்துக்கொள்கிறேன்.

தோட்டத்துக்கு வந்த புத்தகம்

நமுனுகுலை மலையின் நிழலில் வளர்ந்த எங்களுக்குப் புத்தகக் கடை என்பது ஒரு மனிதனின் தோள்மூட்டையாகவே முதலில் அறிமுகமாயிற்று. சம்பள நாளன்று தோட்டத்துக் கடையருகே துணி வியாபாரியும் வளையல்காரரும் வந்து அமர்வார்கள். அவர்களுடன் ஒரு பெரியவர் சாக்கு விரித்து, பெரிய எழுத்துப் புத்தகங்களைப் பரப்புவார். அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள் கதை, பொன்னர் சங்கர் கதை என்று சென்னையில் அச்சான மலிவுப் பதிப்புக்கள். லயத்தில் ஒருவர் வாங்கினால் போதும். எழுத்துத் தெரிந்த ஒருவர் குப்பி விளக்கடியில் இராகம் போட்டுப் படிப்பார். இருபது பேர் வாசலில் அமர்ந்து கேட்பார்கள். ஒரு பிரதிக்கு இருபது வாசகர்கள்! எந்தப் பத்திரிகை முதலாளியும் பொறாமைப்படத்தக்க கணக்கு அது.

இந்த மூட்டை வியாபாரம் இலேசான காரியமாக இருந்ததில்லை. தோட்டம் முழுவதும் கம்பெனியின் நிலம்; துரையின் அனுமதியின்றி வெளியார் எவரும் உள்ளே கால்வைக்க இயலாத காலம் நெடுங்காலம் நீடித்தது. தோட்டத் தொழிலாளரின் முதற் பெருந் தலைவரான கோ. நடேசய்யர் (1887–1947) துணி வியாபாரி வேடம் பூண்டே தோட்டங்களுக்குள் நுழைந்து மக்களின் நிலையை அறிந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுவர். அட்டனில் சகோதரி அச்சகம் நடத்தி நூல்களும் துண்டுப் பிரசுரங்களும் அவர் வெளியிட்டார். அவர் துணைவியார் மீனாட்சி அம்மையார் பாட்டுக்களை எழுதி அச்சிட்டு, தொழிலாளர் நடுவே தாமே பாடிப் பரப்பினார். அச்சிட்ட ஒரு தாளைத் தோட்டத்துக்குள் கொண்டு சேர்ப்பதே அந்நாளில் ஒரு போராட்டம். இன்று நாம் கடைக்குள் நுழைந்து புத்தகத்தைத் தொட்டுப் பார்க்கும்போது, அந்தப் பாதை எவ்வளவு தூரம் நடந்து வந்த பாதை என்பதை நினைத்துக்கொள்ளல் நன்று.

பெரிய கடையும் சிறிய கடையும்

நான் முதன்முதல் கொழும்புக்குப் போனது 1975ஆம் ஆண்டின் தொடக்கத்தில். ஒரு பரீட்சை எழுதுவதற்காகப் போனேன். தோட்டங்களில் பசி கோரத் தாண்டவமாடிய காலம் அது. மாவுக்கும் அரிசிக்கும் பங்கீட்டு வரிசையில் நின்று, கிடைத்ததைப் பகிர்ந்துண்ட நாட்கள். அம்மா முந்தானை முடிச்சிலிருந்து பத்து ரூபாயை எடுத்துத் தந்து, "வழியில சாப்பிட்டுக்கய்யா; பட்டினியாப் போய்ப் பரீட்சை எழுதாத," என்றார்.

பதுளைக்கு ரயில் வந்தது 1924ஆம் ஆண்டில். அன்றிலிருந்து மலையக மக்களுக்கு அதுவே தலைநகரின் வாசற்படி. 292 கிலோமீற்றர் தூரம். மாலையில் பதுளையை விட்ட இரவு மெயில் தெமோதரைச் சுற்றில் வளைந்து ஏறி, பண்டாரவளையையும் பட்டிப்பொலையையும் குளிரில் கடந்து, விடியற் பொழுதில் கோட்டை நிலையத்தில் என்னை இறக்கிவிட்டது. பரீட்சை நண்பகலில் முடிந்தது. திரும்பும் ரயிலுக்கு இன்னும் பல மணி நேரம். அம்மா தந்த பத்து ரூபாய் அப்படியே சட்டைப் பையில் இருந்தது. கால்கள் தாமாகவே புத்தகக் கடையைத் தேடின.

முதலில் நுழைந்தது கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடை. நான் ஒரு புத்தகத்தை எடுத்து இரண்டாம் பக்கத்தைப் புரட்டுவதற்குள், அங்கிருந்த சிப்பந்தி அதை என் கையிலிருந்து வாங்கி இருந்த இடத்தில் வைத்தார். "வாங்குவதானால் எடு," என்றார். என் காலில் செருப்பில்லை என்பது அப்போதுதான் எனக்கே நினைவுக்கு வந்தது. ஒன்றும் பேசாமல் வெளியே வந்துவிட்டேன்.

ரயில் நிலையத்துக்கே திரும்பிப் போயிருப்பேன். வழியில் புறக்கோட்டைச் சந்து ஒன்றில் மற்றொரு கடை கண்ணிற் பட்டது. கடை என்று சொல்வதற்கும் இடமில்லாத அளவு சிறியது. வாசலில் பஞ்சாங்கம் தொங்கியது. உள்ளே கூரை வரை புத்தக அடுக்கு. மூக்குக் கண்ணாடி அணிந்த முதியவர் ஒருவர் ஸ்டூலில் அமர்ந்திருந்தார். யாழ்ப்பாணத்தவர் என்பது பேச்சில் தெரிந்தது. நான் வாசலிலேயே தயங்கி நிற்பதைக் கண்டு, "உள்ளுக்கு வாரும் தம்பி. எந்த ஊர்?" என்றார்.

"பதுளை," என்றேன். தோட்டம் என்று சொல்ல நா எழவில்லை.

"பதுளையிலே எந்தத் தோட்டம்?" என்று அவரே கேட்டார்.

"ஸ்பிரிங்வெளி."

அவர் எழுந்து, மேலடுக்கில் கைவிட்டு ஒரு புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினார். "இது உங்கட பக்கத்து ஆள் எழுதினது. இருந்து பாரும். வாங்கத்தான் வேணுமெண்டில்லை," என்று சொல்லி, தாம் அமர்ந்திருந்த ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினார்.

அது 'காலங்கள் சாவதில்லை' என்ற நாவல். வீரகேசரி பிரசுரமாக 1974ஆம் ஆண்டு வெளிவந்தது. எழுதியவர் பதுளை மாவட்டத்தில் பிறந்து, தெளிவத்தை என்ற தோட்டத்தின் பெயரையே தம் பெயருக்கு முன் சூட்டிக்கொண்ட தெளிவத்தை ஜோசப் (1934–2022). அரை மணி நேரம் அந்த ஸ்டூலில் அமர்ந்து படித்தேன். லயமும் கங்காணியும் கொழுந்துக் கூடையும் அச்செழுத்தில் இருப்பதை வாழ்க்கையில் முதன்முறையாகக் கண்டேன். அதுவரை புத்தகம் என்றால் மன்னர்களைப் பற்றியோ, மதுரையையும் தஞ்சாவூரையும் பற்றியோதான் இருக்கும் என்று எண்ணியிருந்தேன். அம்மாவின் பணத்தில் அதை வாங்கிக்கொண்டு, மீதியில் ஒரு வாழைப்பழமும் தேநீரும் உண்டு ஊர் திரும்பினேன்.

வீட்டில் நல்ல திட்டுக் கிடைத்தது. "வயித்துக்கு இல்லாத நேரத்துல புத்தகமா?" என்று அம்மா இரண்டு நாள் முகங்கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் இரவு அடுப்படியில் அமர்ந்து முதல் அத்தியாயத்தை உரக்கப் படித்தேன். அடுத்த வீட்டு அத்தையும் வந்து அமர்ந்தார். அம்மா ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு, "அடே, இது நம்ம கதையில்லையா? இதையெல்லாம் அவருக்கு யாரு சொன்னது?" என்றார். பிறகு ஒவ்வொரு இரவும், "எங்க அந்தப் புத்தகம்?" என்று கேட்டவர் அவரே.

புத்தகக் கடை என்பதன் முழுப் பொருளையும் நான் அறிந்துகொண்டது அந்த ஸ்டூலிலும் அந்த அடுப்படியிலுமே.

ஒரு பகலுக்கு உரிய வழி

இனி, மகளே, உன் முதற் கேள்விக்கு வருகிறேன்.

கோட்டை நிலையத்தில் இறங்கிப் புறக்கோட்டையைக் கடந்து செட்டியார் தெருவுக்குப் போ. நகைக் கடைகளுக்கும் கதிரேசன் கோயில்களுக்கும் பெயர்பெற்ற அத்தெருவிலேதான் பூபாலசிங்கம் புத்தகசாலை இருக்கிறது. இதன் வேர் யாழ்ப்பாணத்தில் உள்ளது. ஆர். ஆர். பூபாலசிங்கம் அவர்கள் அந்நகரில் நிறுவிய கடை, இடதுசாரி எண்ணமுடையோரும் எழுத்தாளரும் மாணவரும் கூடும் இடமாக விளங்கியது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் 97,000 நூல்களுடன் தீக்கிரையான அந்நாட்களிலே இக்கடையும் எரிந்தது. 'ஈழநாடு' பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. எரிந்த கடை மீண்டும் எழுந்தது என்பதே நாம் நினைவிற் கொள்ள வேண்டிய செய்தி. ஈழத்து நூல்கள், சிற்றேடுகள், தமிழகத்து வெளியீடுகள் ஆகிய மூன்றையும் ஒரே கூரையின் கீழ் காண விரும்புவோர் இங்கிருந்து தொடங்குவதே முறை. வெள்ளவத்தையில் காலி வீதியிலும் இதன் கிளை உண்டு.

புறக்கோட்டையில் மக்கள் பூங்காக் கட்டடத் தொகுதியில் நான் பல தடவை ஏறி இறங்கியது சேமமடு பொத்தகசாலை. 'பொத்தகம்' என்பது எழுத்துப் பிழையன்று, பழந்தமிழ் வழக்கு. கல்வியியல், வரலாறு, சமூகவியல் பற்றிய தமிழ் நூல்களை அவர்களே பதிப்பித்தும் வந்தார்கள். ஆசிரியத் தொழிலை நாடும் மலையகப் பிள்ளைகள் பலர் அங்கே கையில் ஒரு பட்டியலுடன் நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

ஆங்கிலமும் சிங்களமும் படிக்க விரும்பினால் 1913இல் தொடங்கிய எம். டி. குணசேன, 1941இல் தொடங்கிய லேக் ஹவுஸ் புத்தகசாலை ஆகிய பெயர்கள் இந்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்தவை. நல்ல அகராதி ஒன்று வாங்குவதானால் அத்தகைய கடையிலே வாங்குக. பாடநூல் ஆண்டோடு பழையதாகிவிடும். அகராதி உன் பிள்ளைகளுக்கும் பயன்படும்.

பணம் குறைவாயின் மருதானைப் பக்கமாக நட. டி. ஆர். விஜயவர்த்தன மாவத்தை என்று இன்று வழங்கும் பழைய மக்கலம் வீதியில் பழைய புத்தகக் கடைகள் வரிசையாக உள்ளன. அங்கே அவசரப்படுவோருக்கு ஒன்றும் அகப்படாது. பொறியியல் நூலுக்கும் சோதிடத்துக்கும் இடையில், முன்னட்டை கிழிந்த ஒரு நல்ல தமிழ்ப் புத்தகம் ஒளிந்திருக்கும். விலை பேசலாம், ஆனால் புத்தகத்தின் மீது உனக்குள்ள ஆசை முகத்தில் தெரியும்படி பேசாதே! ஒரு பிரதியில் 'என் அன்பு மகளுக்கு' என்று யாரோ ஒரு தந்தை எழுதிய கையெழுத்தைக் கண்டு, அதற்காகவே அதை வாங்கியவன் நான்.

மாலையில் நேரமிருந்தால் வெள்ளவத்தைக்குப் பஸ் ஏறு. 1942இல் நிறுவிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் அங்கே இருக்கிறது. வாங்க முடியாததைப் படிப்பதற்கு நூலகத்தைவிட நல்ல துணை எது? நாவலாசிரியர் செ. கணேசலிங்கன் (1928–2021) வழியில் வந்த குமரன் புத்தக இல்லத்தின் வெளியீடுகளையும் கேட்டுப் பார். மலையகத்தைப் பற்றிய ஆய்வு நூல்கள் பலவற்றை வெளியிட்ட பதிப்பகம் அது. செப்டெம்பர் மாதத்தில் கொழும்புக்கு வர நேர்ந்தால் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் நடைபெறும் புத்தகக் கண்காட்சியைத் தவற விடாதே.

எந்தக் கடைக்குப் போனாலும் மூன்று காரியங்களை மறவாதே. திரும்பும் பயணச் செலவைத் தனியே முடிந்து வை. பெயர்ப் பட்டியல் ஒன்றை எழுதிக்கொண்டு போ. ஆனால் பட்டியலில் இல்லாத ஒரு புத்தகத்துக்கும் கொஞ்சம் பணம் ஒதுக்கு. மூன்றாவதாக, மலையக நூல்கள் எந்த அடுக்கில் இருக்கின்றன என்று வாய் திறந்து கேள். கேட்பவர் இருந்தால்தான் கடைக்காரர் வரவழைப்பார்.

கேட்பதற்கு என்ன இருக்கிறது என்கிறாயா? கோப்பித் தோட்டக் காலத்திலேயே, 1869ஆம் ஆண்டில், ஆபிரகாம் ஜோசப் என்பவர் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' பாடி அச்சிட்டார். சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தேயிலைத் தோட்டத்து வாழ்வை ஆங்கிலத்திற் கவிதையாக்கி உலகுக்குக் காட்டினார். நம் பாட்டிமாரின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். துரை விஸ்வநாதன் அவர்கள் துரைவி பதிப்பகத்தின் மூலம் 1997இல் 'மலையகச் சிறுகதைகள்' என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார். அதைத் தொகுத்துத் தந்தவரும் தெளிவத்தை ஜோசப்பே. 1970களில் தென்னிந்திய இதழ்களின் இறக்குமதியை அரசு கட்டுப்படுத்தியபோது வாசகர் பலர் முணுமுணுத்தனர். ஆனால் ஈழத்து எழுத்துக்குக் கடைகளில் இடங்கிடைக்க அதுவும் ஒரு காரணமாயிற்று. நம்மைப் பற்றி நாமே எழுதியவை ஓர் அடுக்கு நிரம்ப இருக்கின்றன. கேட்காவிட்டால் அவை மேலடுக்கிலேயே தூசி படிந்து கிடக்கும்.

தீராத கடன்

புறக்கோட்டைச் சந்துக் கடைக்கு எட்டு ஆண்டுகள் போய்வந்தேன். ஆண்டுக்கு ஒருமுறை, சில ஆண்டுகளில் இருமுறை. ஒவ்வொரு தடவையும் அதே ஸ்டூல், அதே கேள்வி: "அம்மா போன புத்தகத்தைக் கேட்டவவோ?" இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட என் தோழன் ஒருவன் சென்னையிலிருந்து கடிதம் எழுதுவான், மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளை வருணிப்பான், இலங்கை நூல்கள் அங்கே கிடைப்பதில்லை என்று ஏங்குவான். அவனுக்கு அனுப்பவும் அந்தப் பெரியவரே புத்தகம் தெரிந்தெடுத்துத் தருவார்.

1983ஆம் ஆண்டு மார்ச்சில் போனபோது, எடுத்த புத்தகங்களின் விலைக்கு ஆறு ரூபாய் குறைந்தது. ஒன்றைத் திருப்பி வைக்கப் போனேன். அவர் விடவில்லை. "கொண்டு போம். அடுத்தமுறை வரேக்கை தாரும்," என்றார்.

அவ்வாண்டு யூலை மாதம் என்ன நடந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்தமுறை நான் போனது நவம்பரில். சந்தில் அந்தக் கடை இருந்த இடத்தில் கரிபடிந்த சுவர் மட்டும் நின்றது. பக்கத்திலிருந்தவர்களை விசாரித்தேன். பெரியவர் கப்பலில் யாழ்ப்பாணம் போய்விட்டார் என்றார் ஒருவர். தெரியாது என்று தலையசைத்தார் மற்றொருவர். அவருடைய பெயரைக்கூட நான் கேட்டு வைத்ததில்லை. 'ஐயா' என்றே அழைத்துப் பழகிவிட்டேன். ஆறு ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சுவரின் எதிரே நின்ற நேரத்தை இன்றும் என்னால் மறக்க இயலவில்லை. இரண்டு ஆண்டுகளில் சென்னை மூர் மார்க்கெட்டும் தீயில் அழிந்தது என்று தோழன் எழுதினான். அது வேறு ஊர், வேறு தீ. ஆயினும் ஏனோ அந்தக் கடிதத்தைப் படித்தபோதும் அந்தச் சந்தே என் கண்முன் வந்தது.

காலம் மாறிவிட்டது. 2005ஆம் ஆண்டில் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய நூலகத்தில் ஈழத்து நூல்களும் இதழ்களும் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. இனி ஒரு தீக்குச்சியால் எல்லாவற்றையும் அழித்துவிட முடியாது என்பது பெரும் ஆறுதல். மறுபக்கம் கடைகளுக்கு வேறு தொல்லைகள். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைப் பரீட்சைகளே தள்ளிப் போயின. ரூபாயின் மதிப்பு வீழ்ந்தபின், இந்தியாவில் அச்சான ஒரு தடித்த நாவலின் விலை கொழுந்து பறிக்கும் தாயின் ஒரு நாட் சம்பளத்தையும் விஞ்சிவிடுகிறது. இந்நிலையில் புத்தகம் வாங்குங்கள் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. எனினும் பஞ்ச காலத்தில் பத்து ரூபாய் தந்த என் தாயை நினைத்துச் சொல்கிறேன்: ஆண்டுக்கு ஒன்று; வீட்டுக்கு ஒன்று. லயத்துக்கு இருபது வீடானால் இருபது புத்தகம். மாற்றி மாற்றிப் படித்தால் அதுவே ஒரு வாசிகசாலை.

என் ஆறு ரூபாயை நான் இன்னும் கட்டி முடிக்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் யூலை மாதத்தில் ஒரு புத்தகம் வாங்கி, தோட்டத்துப் பிள்ளை ஒருவருக்குக் கொடுத்து வருகிறேன். அசல் எப்போதோ தீர்ந்திருக்கும். வட்டி தீரும் என்று தோன்றவில்லை. தீரவும் வேண்டாம்.

மகளே, உன் இரண்டாவது கேள்வி நினைவிருக்கிறது. ஏதும் சொல்வார்களா? சிலர் சொல்லக்கூடும். கண்ணாடிக் கதவுக் கடைகள் இன்றும் இருக்கின்றன. அப்படி நேர்ந்தால் திரும்பி ரயிலடிக்குப் போய்விடாதே. அடுத்த கடைக்குப் போ. "எந்த ஊர்?" என்று அங்கே யாரேனும் கேட்டால், நான் தயங்கியதைப் போல நீ தயங்காதே. தோட்டத்தின் பெயரையும் சேர்த்தே சொல்.

இவ்வாண்டுப் புத்தகம் உனக்குத்தான். உன் முகவரிக்குத் தபாலில் வருகிறது.